பனி கம்மியாக இருந்தால் பனிச்சரிவு வராதா?

கேள்வி, 2024 டிசம்பர் 9

கும்பகோணத்தில் இருந்து நண்பர்கள் ஆறு பேர் ஜனவரி கடைசியில் உத்தரகாண்டில் உள்ள கேதார்கந்தா மலைக்குப் போகிறோம். எல்லாருக்கும் பனியில் முதல் தடவை. வீட்டில் பனிச்சரிவு பயம். ஏற்பாடு செய்யும் ஆளைக் கேட்டால், "இந்த வருஷம் பனியே கம்மி சார், பனி இருந்தால்தானே சரியும்" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேலே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அவர் சொல்வது சரியா?

டிசம்பர் 9, இரவு

சரியில்லை தம்பி. பனி கம்மி என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. பல சமயம் கம்மியாகக் கிடக்கும் பனிதான் பின்னால் ஆளை அடிக்கும். நான் ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரில் குப்வாராவுக்கு மேலே உள்ள போஸ்ட்களில் குளிர்காலம் கழித்தவன், இப்போது நீடாமங்கலம் பக்கம் சம்பா பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். மழை வரும் என்கிறார்கள், வடிகாலைப் பார்க்கணும்.

டிசம்பர் 10

பனி விழுந்ததோடு அதன் கதை முடிவதில்லை. தரையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கும். தரையை ஒட்டிய பனி பூமிச் சூட்டில் கிட்டத்தட்ட 0 டிகிரியில் நிற்கிறது. வானம் தெளிவாக இருக்கும் இரவில் மேற்பரப்பு மைனஸ் 15 வரை போகிறது என்று வைத்துக்கொள். பனி இரண்டு மீட்டர் கனம் இருந்தால் அந்த 15 டிகிரி வித்தியாசம் இரண்டு மீட்டருக்குப் பரவிவிடும், மீட்டருக்கு ஏழரை டிகிரி. கனம் அரை மீட்டர்தான் என்றால் அதே 15 டிகிரி அந்த அரை மீட்டருக்குள் அடங்கியாகணும், கணக்குப் போட்டால் மீட்டருக்கு 30.

மீட்டருக்கு சுமார் 10 டிகிரியைத் தாண்டினால் வேலை கெட்டுவிடும். அடியில் உள்ள பனி ஆவியாகி, மேலே உள்ள குளிர்ந்த மணிகளில் போய்ப் படியும். மணிகள் பட்டை பட்டையாக, கோணம் கோணமாக வளரும். பெரிதாகும், ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. கையில் அள்ளினால் விரல் இடுக்கில் வழியும், உருண்டை பிடிக்க வராது. வாரக்கணக்கில் வெயிலும் தெளிந்த இரவும் மாறி மாறி வந்தால் கனம் குறைந்த பனி முழுவதுமே இப்படி ஆகிப்போகும். பார்க்கிறவனுக்கு, ஊருக்கே தெரிகிற மாதிரி, பனி கம்மி.

அப்புறம் ஒரு நாள் மேற்கில் இருந்து மேகம் வரும். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வருகிற அந்தக் காற்றுதான் வடக்கே குளிர்கால மழைக்கும் பனிக்கும் காரணம். இரண்டு மூன்று நாளில் இடுப்பளவு கொட்டிவிடும். ஒட்டாத அடுக்கு அடியில், கனமான புதுப்பனி மேலே. அதற்குமேல் ஒரு ஆள் கால் வைத்தால் போதும்.

இதற்குக் கிட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் குல்மார்கில் பனியே இல்லை, வெறும் மண்ணும் காய்ந்த புல்லுமாகப் படம் போட்டு எல்லாப் பத்திரிகையும் அழுதது. பிப்ரவரியில் சேர்த்து வைத்துக் கொட்டியது. பிப்ரவரி 22 அன்று அங்கே கிலன்மார்க் பக்கம் பனிச்சரிவு, ரஷ்யாவில் இருந்து வந்த பனிச்சறுக்குக்காரர் ஒருவர் இறந்தார். அந்தச் சரிவை நான் போய்த் தோண்டிப் பார்க்கவில்லை, காய்ந்த ஜனவரிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பனி கம்மி, பயமில்லை என்று ஜனவரியில் சொன்னவன் பிப்ரவரியில் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பார்.

டிசம்பர் 11

திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர் கேட்கிறார்: "கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்த நெல் குவியல் சரிகிற மாதிரிதானே?"

பாதி சரி. புதுசாக விழுந்து இன்னும் ஒட்டாத பனி அப்படித்தான் வரும். ஓர் இடத்தில் கிளம்பி, கீழே வர வர விசிறியாக விரியும். குவியலுக்கு என்று ஒரு சாய்வு உண்டு, அதைத் தாண்டி மேலே கொட்டினால் வழிந்து அந்தச் சாய்வுக்கே வந்து நிற்கும். மூட்டை பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் இது இல்லை. நாங்கள் ஸ்லாப் என்போம். மேலடுக்கு இறுகி ஒரே பாளமாக ஆகியிருக்கும், அடியில் அந்த ஒட்டாத அடுக்கு. நெல் குவியலில் ஏறினால் காலடியில் உள்ள நெல்தான் நகரும். ஸ்லாப்பில் நீ நிற்கும் இடத்துக்கு ஐம்பது அடி மேலே மலைக்குக் குறுக்காக விரிசல் ஓடும், நீ நிற்கிற தரை மொத்தமும் உன்னோடு சேர்ந்து கிளம்பும். ஓரத்துக்கு ஓட நேரம் கிடையாது. இன்னொன்று, நெல் குவியல் சரியப்போவது கண்ணுக்குத் தெரியும். ஸ்லாப் உடைகிற நிமிஷம் வரை வெள்ளையாக, அழகாக, ஒரு கீறல் இல்லாமல் கிடக்கும். நம்ம ஆட்கள் அதன் நடுவில் நின்று படம் எடுப்பார்கள்.

அப்புறம், மலை தானாகக் கோபப்பட்டு ஆளைத் துரத்துகிறது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மலையேறுபவர்களும் சறுக்குபவர்களும் சிக்கிய விபத்துகளில் பத்தில் ஒன்பதை உடைத்துவிட்டது சிக்கியவரோ அவரோடு வந்தவரோதான். ஒரு வகையில் இது நல்ல செய்தி, எங்கே கால் வைப்பது என்பது உன் கையில் இருக்கிறது.

டிசம்பர் 13

நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை. ஃபெங்கல் புயலுக்கு முந்தின மழையில் நின்ற தண்ணீர் வடிந்து பயிர் தலை தூக்கும்போது மறுபடி இது. வயலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பனிச்சரிவைப் பற்றி யோசிக்கிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

டிசம்பர் 15

"ஒட்டாத அடுக்கு அடியில் இருப்பது மேலே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?" மாயவரத்தில் இருந்து கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி.

தோண்டிப் பார்க்கணும். எங்கள் போஸ்டில் கார்வால் பக்கத்து ஹவில்தார் ஒருவர் இருந்தார், மலையில் பிறந்தவர், பேச்சு ரொம்பக் கம்மி. ரோந்து கிளம்புவதற்கு முன் போகப்போகும் சரிவைப் போலவே சாய்வும் திசையும் உள்ள சின்னச் சரிவாக, மேலே பெரிய மலை இல்லாத இடமாகப் பார்த்து ஷவலை எடுத்துத் தோண்டுவார். தரை தெரியும்வரை. பள்ளத்தின் மேல்பக்கச் சுவரை ஷவலால் சீவி வழுவழுப்பாக்குவார், பிறகு கையுறையோடு அந்தச் சுவரில் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வருவார். முஷ்டி உள்ளே போனால் மிருது. முஷ்டி போகாமல் நாலு விரல் போனால் கொஞ்சம் கெட்டி. அப்புறம் ஒரு விரல், அப்புறம் பென்சில், கடைசியாகக் கத்தி. இதுதான் உலகம் முழுக்க இருக்கும் அளவு என்று எனக்குப் பின்னால் ஒரு கோர்ஸில்தான் தெரிந்தது, அவர் அதை ஒரு பெயரும் சொல்லாமல் செய்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "மதராஸி, இங்கே கையை விடு" என்றார். நெஞ்சு உயரத்தில் ஒரு விரலுக்குமேல் போகவில்லை, அப்படி ஒரு கெட்டி. முழங்காலுக்குக் கீழே குத்தினேன், முஷ்டி மணிக்கட்டோடு உள்ளே போனது, வெளியே எடுத்தபோது பள்ளத்தில் மணி மணியாகக் கொட்டியது. மணி ஒவ்வொன்றும் உளுத்தம்பருப்பில் பாதி அளவு, டார்ச் வெளிச்சத்தில் பட்டையெல்லாம் மின்னியது. அவர் எதுவும் விளக்கவில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி என்று சுவரில் தூணாக அறுத்தெடுத்தார், ஷவலின் தட்டை அதன் தலையில் வைத்தார், மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டத் தொடங்கினார். வழக்கமாக மணிக்கட்டில் இருந்து பத்துத் தட்டு, முழங்கையில் இருந்து பத்து, தோளில் இருந்து பத்து. முழங்கைக்குப் போகவே தேவைப்படவில்லை. தூணின் மேல்பகுதி அப்படியே முழுசாக வழுக்கி எங்கள் பக்கம் வந்து விழுந்தது. உடைந்த இடம் மட்டமாக, அறுத்து வைத்தது போல இருந்தது. அன்றைக்கு ரோந்து கிடையாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டுப் போய் டீ போட்டார்.

இதைப் படித்துவிட்டு கேதார்கந்தாவில் போய்க் குழி தோண்டாதீர்கள். ஒரு குழி அந்த இடத்தைப் பற்றித்தான் சொல்லும், இருபது அடி தள்ளி வேறு மாதிரி இருக்கும். குழி நன்றாக இருந்தது என்பதை வைத்துச் சரிவில் ஏறக்கூடாது, குழி மோசமாக இருந்தால் ஏறாமல் இருக்கலாம். அவ்வளவுதான் அதன் உபயோகம்.

டிசம்பர் 15, கொஞ்சம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேனே. தோண்டாமலே மலை சொல்லும் அடையாளங்கள் இருக்கின்றன. நடக்கும்போது காலுக்கடியில் "தொம்" என்று அமுங்கிய சத்தம் வந்து, பனி ஒரு விரற்கடை இறங்கினால், அடியில் உள்ள அடுக்கு நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். சமதரையில் கேட்டால்கூட உஷார், அந்த நொறுங்கல் பனிக்குள்ளேயே ஓடிப் போய்ப் பக்கத்துச் சரிவை உடைத்துவிடும். காலடியில் இருந்து கோடு போட்டு விரிசல் ஓடுவதும் அதே சேதிதான். எதிர்ச் சரிவில் இன்று காலை புதுசாகச் சரிந்த தடம் தெரிகிறதா, அதைவிடப் பெரிய அறிவிப்புப் பலகை எதுவும் வேண்டாம்.

டிசம்பர் 29

மணாலி பக்கம் பனி கொட்டி, சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவே வண்டிகள் ஏராளமாக மாட்டிக்கொண்ட செய்தியைப் பார்த்திருப்பீர்கள். உடனே நம்ம தம்பி: "அண்ணே, இப்போ பனி நிறைய வந்துடுச்சு, அப்போ ஆபத்து கூடுமா குறையுமா? நீங்க ரெண்டையும் சொல்றீங்க."

இரண்டும்தான். புதுப்பனி விழும்போதும் விழுந்த அடுத்த ஒரு நாள் இரண்டு நாளும் ஆபத்து எப்பவுமே கூடுதல், அடியில் எப்படி இருந்தாலும் சரி. அதற்குப் பிறகு அமுங்கி, ஒட்டி, கொஞ்சம் அடங்கும். ஆனால் இனிமேல் ஜனவரி முழுக்கக் காய்ந்தால் இப்போது விழுந்ததே நாளைக்கு அந்த ஒட்டாத அடுக்கு. ஜனவரி எப்படிப் போகிறது என்று பார்க்கணும்.

கூடவே வந்த இன்னொரு கேள்வி, கத்தினால் பனிச்சரிவு வருமா. வராது. சினிமாவில் மட்டும் வரும். வெடி வைத்தால் வரும், அதைத்தான் பல நாடுகளில் சாலைக்கு மேலே உள்ள சரிவுகளில் வேண்டுமென்றே செய்து, ஆள் இல்லாதபோது இறக்கிவிடுகிறார்கள். தொண்டை கிழியக் கத்தலாம், மூச்சுதான் வாங்கும். பன்னிரண்டாயிரம் அடியில் வீணாக்க மூச்சு இருக்காது.

குளிருக்கான தெர்மல் உடை எங்கே வாங்குவது என்று கேட்டவருக்கு: தஞ்சாவூரில் தேடி அலைய வேண்டாம், டேராடூனில் வாங்கு. மணாலியிலும் வாங்கலாம், ஆனால் நீ போகிற வழியில் மணாலி இல்லை.

2025 ஜனவரி 4

சாய்வைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டாயிற்று. இதை ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் பாதி பிழைத்த மாதிரி.

ஸ்லாப் உடைவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சரிவில். அதற்குக் கீழே இழுக்கும் பலம் போதாது. ரொம்பச் செங்குத்து என்றால் பனி சேரச் சேரச் சின்னச் சின்னதாக உதிர்ந்துவிடும், பெரிசாகச் சேர வழியில்லை. நடுவில் இருப்பதுதான் எமன், 38 டிகிரியை ஒட்டித்தான் அதிகம் உடையும். வேடிக்கை என்னவென்றால் பனிச்சறுக்குக்காரனுக்கு ருசியான சரிவும் அதே சாய்வுதான்.

கண் மதிப்பை நம்பாதே. சமதரையில் பிறந்து வளர்ந்த நம்ம கண்ணுக்கு 25 டிகிரியே சுவர் மாதிரித் தெரியும், இரண்டு நாள் நடந்த பிறகு 35 டிகிரி சாதாரணமாகத் தெரியும். கல்லணையில் இருந்து கடல் வரைக்கும் தண்ணீர் ஊர்ந்து போகிற மண்ணில் இருந்து வருகிறோம், சாய்வு நமக்குப் பழக்கம் இல்லை. ஃபோனில் சாய்வு காட்டும் ஆப் இருக்கிறது, கைத்தடியைச் சரிவில் மேலிருந்து கீழாகப் படுக்கப்போட்டு அதன்மேல் ஃபோனை வைத்தால் சொல்லிவிடும். குளிரில் ஃபோன் செத்துவிட்டால் இரண்டு கைத்தடி போதும், இரண்டும் ஒரே நீளமாக இருக்கணும். ஒன்றை நேராக நிறுத்து. இன்னொன்றை மட்டமாகப் பிடித்து அதன் நுனி மேல்சரிவில் பனியைத் தொடும்படி வை. மட்டத் தடி, நிற்கும் தடியை எந்த உயரத்தில் சந்திக்கிறது என்று பார். உச்சியில் என்றால் 45 டிகிரி. சரியாகப் பாதியில் என்றால் சுமார் 27. பாதியை விட்டு மேலே ஏற ஏற நீ ஆபத்தான சாய்வுக்குள் போகிறாய்.

ஆனால் இதை மட்டும் வைத்துத் தப்பித்தோம் என்று நினைக்காதே. நீ நிற்பது 10 டிகிரியாக இருக்கலாம், உன் தலைக்கு மேலே இருக்கும் சரிவு 38 ஆக இருக்கலாம். அங்கே உடைந்தால் இங்கே வரும். கூடாரம் போடும் இடத்துக்கு இது இன்னும் முக்கியம். அகலமான வெட்டவெளி, ரெண்டு பக்கமும் மரம், நடுவில் மட்டும் கோடு கிழித்த மாதிரி மரமே இல்லை என்றால் அது யாரும் வெட்டியதில்லை, பனிச்சரிவு வரும் தடம். நிற்கிற மரத்திலும் மலையின் மேல்பக்கம் பார்த்த கிளையெல்லாம் முறிந்து கீழ்ப்பக்கம் பார்த்த கிளை மட்டும் இருக்கும், பார்.

காற்று இன்னொரு பெரிய விஷயம். ஒரு செதில் பனிகூட விழாத நாளிலும் காற்று ஒரு பக்கச் சரிவில் இருந்து அள்ளிக்கொண்டு வந்து முகட்டுக்கு மறுபக்கம் கொட்டிவிடும், வானத்தில் இருந்து விழும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக. முகட்டில் இருந்து வெண்புகை பறப்பது படத்துக்கு அழகு. புகை போய்ச் சேரும் பக்கத்தில் நிற்காதே.

ஜனவரி 6

"2021ல் சமோலியில் வந்ததும் பனிச்சரிவுதானே, அதில் இருநூறு பேருக்குமேல் போனார்களே" என்று ஒருவர். அது வேறு. 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்தின் பக்கவாட்டில் இருந்து பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்தது, பாறைதான் அதிகம். விழுந்த வேகத்தில் பனிக்கட்டி உருகி, ரிஷிகங்காவிலும் தவுலிகங்காவிலும் சேறும் தண்ணீருமாக இறங்கி, மின் திட்ட வேலையில் இருந்தவர்களை அடித்துக்கொண்டு போனது. அதற்கு நீ கைத்தடி வைத்துச் சாய்வு பார்த்துப் பயனில்லை. நாம் பேசிக்கொண்டிருப்பது பனி அடுக்கின் மேல் பனி வழுக்குவதை.

குளிர்காலத்தில்தான் வரும் என்றும் இல்லை. உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா டண்டாவில் மலையேற்றப் பயிற்சிக் குழு சிக்கியது 2022 அக்டோபர் 4, இங்கே நவராத்திரி கொலு நடந்துகொண்டிருந்தது. இருபத்தேழு உடல்கள் எடுத்தார்கள். அவர்களும் பயிற்சி பெற்றவர்கள்தான்.

ஜனவரி 16

பொங்கல் முடிந்தது. மாடு கன்றெல்லாம் குளிப்பாட்டியதில் எனக்கு ஜலதோஷம்.

வடக்கே ஜனவரி காய்ந்துகொண்டிருக்கிறது. டிசம்பர் கடைசியில் விழுந்த பனி, அதன்மேல் தெளிந்த வானம். டிசம்பர் 10ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படிக்கவும், நான் திரும்ப எழுதப்போவதில்லை.

நடுவில் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது: இமயமலையில் பனி குறைந்தால் காவிரிக்கு என்ன ஆகும் என்று. ஒன்றும் ஆகாது. கங்கைக்கும் சிந்துவுக்கும் பனி உருகிய தண்ணீர் உண்டு, காவிரிக்குக் குடகில் பெய்கிற தென்மேற்குப் பருவமழைதான். ஜூன் 12 திறக்க வேண்டிய மேட்டூரை போன வருஷம் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள், அதற்குப் பனி காரணமில்லை, அணையில் தண்ணீர் இல்லை. கடைமடைக்காரர்கள் இதை வைத்து ஆரம்பித்தால் இந்த ஜென்மத்தில் பனிக்குத் திரும்ப முடியாது, அதனால் இத்தோடு விடுகிறேன்.

ஜனவரி 21

தம்பி கிளம்புகிறான். கைடைப் பார்த்ததும் "ஆபத்தா" என்று கேட்காதே, "இல்லை சார்" என்றுதான் வரும். உச்சிக்குப் போகிற வழியில் எந்த இடம் அவருக்குப் பிடிக்காது என்று கேள். வேலை தெரிந்தவருக்கு உடனே ஓர் இடம் வாயில் வரும். பனி விழுந்து எத்தனை நாள் ஆயிற்று, எந்தப் பக்கம் காற்று அடித்தது என்று கேள். கேதார்கந்தா பெரும்பாலும் காட்டுக்குள்ளும் முகட்டிலும் போகிற வழி, குளிர்காலத்தில் அவ்வளவு பேர் போவதற்கு அதுவும் ஒரு காரணம். உச்சிக்குச் சற்று முன்னால்தான் செங்குத்து. புதுப்பனி கொட்டினால் அந்தக் கடைசி ஏற்றத்தை விட்டுவிட்டுத் திரும்பு. கட்டிய பணம் போனால் போகிறது.

பிப்ரவரி 2

தம்பி திரும்பிவிட்டான், அறுந்த ஷூ லேஸைத் தவிர சேதமில்லை. அவன் எழுதியதில் எனக்குப் பிடித்தது இது: "உச்சிக்கு முன்னாடி ஒரு இடத்துல கைடு எல்லாரையும் நிறுத்தி, ஒருத்தர் தாண்டின பிறகுதான் அடுத்தவர்னு அனுப்பினார். பையோட இடுப்பு பெல்ட்டை அவுக்கச் சொன்னார். அந்த இடத்துல யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னார்." 

அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. ஒருவர் ஒருவராகப் போவது எடையைக் குறைக்க மட்டும் இல்லை, உடைந்தால் ஒருவர்தான் மாட்டுவார், மற்றவர்கள் தோண்ட இருப்பார்கள். பெல்ட்டை அவிழ்ப்பது, அடித்துக்கொண்டு போனால் மூட்டை உன்னைக் கீழே இழுக்காமல் கழன்று போகட்டும் என்று. எங்கள் காலத்தில் இடுப்பில் சிவப்புக் கயிறு ஒன்றையும் கட்டிவிடுவார்கள், நீளமாகப் பின்னால் இழுபடும். ஆள் புதைந்தாலும் கயிறு கொஞ்சம் மேலே தெரியும் என்ற நம்பிக்கை. கயிறும் சேர்ந்து புதைந்த கதைகள் உண்டு.

பிப்ரவரி 11

இன்று இதை எழுதாமல் இருக்க முடியாது. 2016 பிப்ரவரி 3, சியாச்சின், சோனம் போஸ்ட், 19,600 அடி. மெட்ராஸ் ரெஜிமெண்ட் போஸ்டில் இருந்த பத்துப் பேர் புதைந்தார்கள், அதில் நாலு பேர் தமிழ்நாடு. ஆறு நாள் கழித்து இருபத்தைந்து அடிக்குக் கீழே லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று டெல்லி ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

அவரைச் சொல்லி, ஆறு நாள்கூடத் தாக்குப்பிடிக்கலாம் போல என்று யாரும் எண்ண வேண்டாம். கூடாரத்துக்குள் காற்று இருக்கிற இடமாக அமைந்தது, கோடியில் ஒன்று. வழக்கமான கணக்கு கொடுமையானது. முழுசாகப் புதைந்தவரைப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்று சுவிஸ்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள், அண்மையில் அதையும் பத்து நிமிஷமாகக் குறைத்துவிட்டார்கள். அரைமணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். குளிரில் இறப்பதற்கு முன்னால் தாங்கள் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து இறக்கிறார்கள், மூச்சின் ஈரம் முகத்துக்கு முன்னால் உறைந்து ஓடு கட்டிவிடும். சரிந்து வரும்போது தண்ணீராக ஓடுகிற பனி, நின்ற நொடியில் இறுகிவிடும். விரலை அசைக்க முடியாது. அதனால் ஓட்டம் நிற்பதற்கு முன்னால் கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து கொஞ்சம் இடம் பிடித்துவிடு என்று சொல்லித்தருவார்கள்.

இதனால்தான் ஹெலிகாப்டரை நம்பாதே என்கிறேன். கீழே தகவல் சொல்லவே பத்து நிமிஷம் ஆகும். கூட இருப்பவன்தான் மீட்புப்படை.

மார்ச் 1

மாணாவில் நேற்று காலை பனிச்சரிவு. பத்ரிநாத்துக்கும் மாணாவுக்கும் நடுவே எல்லைச் சாலை அமைப்பின் முகாமில் சாலைத் தொழிலாளர்கள் ஐம்பதுக்கு மேல் புதைந்திருக்கிறார்கள், பாதிக்குமேல் எடுத்துவிட்டார்கள் என்று செய்தி. முந்தின நாள் சாயங்காலமே சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.ஈ. எச்சரிக்கை விட்டிருந்தது. நாங்கள் இருந்தபோது சாசே என்ற பெயரில் இருந்த அதே ராணுவ ஆராய்ச்சிக் கூடம், 2020ல் பெயர் மாறிவிட்டது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தினம் ரேடியோவில் வரும், நாங்கள் சாப்பாட்டைவிட அதற்குத்தான் காத்திருப்போம்.

மார்ச் 3

தேடுதல் முடிந்தது. ஐம்பத்துநாலு பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள், நாற்பத்தாறு பேர் பிழைத்தார்கள். இரும்புக் கண்டெய்னருக்குள் தூங்கியவர்கள் நிறையப் பேர், உள்ளே காற்று இருந்தது, அதனால்தான் இவ்வளவு பேர் மீண்டார்கள்.

"அண்ணே நீங்க டிசம்பர்லயே சொன்னீங்க, ஜனவரி காய்ந்தது, பிப்ரவரியில கொட்டுச்சு, அப்படியே நடந்துடுச்சு" என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள். அங்கே இரண்டு மூன்று நாளாக விடாமல் கொட்டியிருக்கிறது. அவ்வளவு பனி அவ்வளவு சீக்கிரம் விழுந்தால் அடியில் எந்த அடுக்கும் தேவையில்லை, புதுப்பனியின் பாரமே போதும். அடியில் பழைய பனி எப்படி இருந்தது என்று அங்கே போய்த் தோண்டியவர்கள்தான் சொல்லணும். நான் சொன்னது நடந்தது என்று எட்டுப் பேர் செத்த இடத்தில் போய் நின்றுகொள்ள எனக்கு விருப்பம் இல்லை. அதோடு, அவர்கள் ஆசைப்பட்டுச் சரிவில் ஏறியவர்கள் இல்லை, வேலைக்குப் போய் படுத்திருந்தவர்கள். பத்தில் ஒன்பது பேர் தாங்களே உடைத்துவிடுகிறார்கள் என்று முன்பு எழுதியதை இவர்களுக்குப் பொருத்தாதீர்கள், அது பொழுதுபோக்குக்குப் போகிறவர்களின் கணக்கு.

மார்ச் 9

அறுவடை முடிந்து கொஞ்சம் ஓய்வு. தம்பியின் கூட்டம் அடுத்த வருஷம் இன்னும் மேலே போகப் போகிறதாம், சொந்தமாக ட்ரான்ஸீவர், அதாவது பனிக்குள் புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோக் கருவி, வாங்கலாமா என்று கேட்கிறான். வாங்கு, ஆனால் ஆறு பேருக்கும் வாங்கு. புதைந்தவனிடமும் தேடுபவனிடமும் இருந்தால்தான் வேலை செய்யும். எல்லாக் கம்பெனிக் கருவியும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும், கலந்து வைத்திருக்கலாம். கூடவே பனிக்குள் குத்திப் பார்த்து ஆளைத் தேட ஆளுக்கு ஒரு நீளக் குத்துக்கம்பி, ஆளுக்கு ஒரு ஷவல், அதுவும் அலுமினியத்தில். பிளாஸ்டிக் ஷவல் இறுகிய பனியில் முதல் குத்திலேயே வளைந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்குமேல் பனியை நகர்த்தணும், கையால் அள்ளுகிற வேலை இல்லை.

வாங்கிய பிறகு பையில் போட்டு வைக்காமல் பழகு. கொள்ளிடம் மணலில் ஒருவன் கருவியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் புதைக்கட்டும், மற்றவர்கள் தேடுங்கள், நிமிஷம் பாருங்கள். கோடையில் நல்ல மணல் இருக்கும். அடுத்தது, ஃபோனைத் தள்ளி வை. போட்டுக்கொண்டு நடக்கும்போது கருவிக்கும் ஃபோனுக்கும் இருபது சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், தேடும்போது அரை மீட்டர், இல்லாவிட்டால் இல்லாத இடத்தில் ஆளைக் காட்டும். கருவியைச் சட்டைக்கு உள்ளே, உடம்போடு கட்டிக்கொள், பையில் வைத்தால் பை மட்டும்தான் கிடைக்கும். பேட்டரி அல்கலைன் போடு, சார்ஜ் பண்ணுகிற பேட்டரி வேண்டாம், அது தீர்கிற கடைசி நிமிஷம் வரை நிறைய இருப்பதாகவே காட்டும். சீசன் முடிந்ததும் கழற்றி வை, நம்ம ஊர் ஈரத்தில் பச்சை பிடித்துவிடும்.